இளஞ்சிவப்புச் சட்டைக்காரி

நோர்வேயில், ஹொல்ம்லியாப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்களே, உங்களுக்கு அந்த ஸ்லைட் புரொஜெக்டரை நினைவிருக்கிறதா? சாம்பல் நிறப் பெட்டி, தலையில் வட்டமான தட்டு. ஆசிரியை பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கிளக் என்று ஒரு படம் விழும். சூடேறிய தூசியின் மணம் வகுப்பு முழுக்கப் பரவும். திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டால் வெளியே பெய்வது மழையா பனியா என்று தெரியாது. நனைந்த கம்பளிக் கையுறைகள் வெப்பமூட்டியின் மேல் காய்ந்துகொண்டிருக்கும். இன்றைக்கு ஒரு படத்தைப் பார்க்க நாம் கைபேசியைத் தள்ளிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குகிறோம். அன்றைக்கு ஒவ்வொரு படமும் சுவரளவு இருந்தது.

அந்த வருடம் இலையுதிர்காலத்தில் நமக்கு அமெரிக்கா பாடம். பக்கத்து வகுப்பு ஆறுகளையும் மாநிலங்களையும் பாடமாக்கிக்கொண்டிருக்க, நம்முடைய ஆசிரியை ஓவியங்களைக் கொண்டுவந்தார். ஓவியர்களின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்கும் அவை நம் வாயில் நுழையவில்லை. படங்களைச் சொன்னாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கையில் வைக்கோல் அள்ளும் முள்ளுக்கவையோடு ஒரு வயதான ஆள், பக்கத்தில் சிரிக்கவே தெரியாததுபோல ஒரு பெண், பின்னால் கூர்மையான ஜன்னல் வைத்த மரவீடு. பார்க்கிற எல்லோரும் அவர்களைக் கணவன் மனைவி என்றுதான் நினைப்பார்கள். ஓவியர் நிற்கவைத்துக் கீறியதோ தன் தங்கையையும் தன் பல் வைத்தியரையும் என்று ஆசிரியை சொன்னபோது வகுப்பே சிரித்தது. பிறகு, ஊர் அடங்கிய தெருமுனையில் வெளிச்சமாக ஒரு சாப்பாட்டுக்கடை. உள்ளே நாலு பேர் இருக்கிறார்கள், கடைக்குள் போக ஒரு கதவைக் காணவில்லை. "அப்ப அவங்கள் எப்படி உள்ளே போனாங்கள்?" என்று கடைசி வாங்கில் இருந்த பையன் கேட்டான். ஆசிரியை அடுத்த படத்துக்குப் பொத்தானை அழுத்தினார். சூப் தகரங்கள் வரிசை வரிசையாக. சுவரையே மூடுகிற அளவுக்கு ஒற்றைப் பூ. துணியைத் தரையில் விரித்து மேலே நின்று நிறத்தைச் சொட்டியும் வீசியும் செய்த படம். அதற்கு நாம் கைதட்டினோம், அப்படிச் செய்ய நமக்கும் விடுவார்கள் என்ற ஆசையில்.

கடைசியாக விழுந்ததுதான் அந்தப் படம்.

காய்ந்த புல்வெளி. அதில் இளஞ்சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண், முதுகு நமக்குப் பக்கமாக, பாதி படுத்தும் பாதி எழும்பியும் கிடக்கிறாள். தொலைவில், மேட்டின் உச்சியில், சாம்பல் நிற வீடு. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இவள் என்ன செய்கிறாள்?" என்று ஆசிரியை கேட்டார்.

வெயில் காய்கிறாள் என்றாள் ஒருத்தி. புளூபெரி பிடுங்குகிறாள் என்றான் ஒருவன். வீட்டுக்காரன் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார்கள் வேறு சிலர். நான் கையை உயர்த்தவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அவளால் எழும்ப முடியாது."

ஆசிரியை புரொஜெக்டர் வெளிச்சத்துக்குள் ஓரடி எடுத்து வைத்தார். புல்வெளியின் ஒரு துண்டு அவருடைய கன்னத்தில் விழுந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"கையைப் பாருங்கோ. கையால்தான் போகிறாள்."

அது சரிதான். அவள் ஓவியரின் பக்கத்து வீட்டுக்காரியாம். நோயில் கால் வராமல் போய்விட்டது. சக்கர நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் கையை ஊன்றி ஊர்ந்தே திரிந்தவளாம். இதுவரை எந்த வகுப்பிலும் எந்தப் பிள்ளையும் அதைக் கண்டுபிடித்ததில்லை என்று ஆசிரியை சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் அம்மா ஊர்ந்துகொண்டிருந்தார்.

இதை நான் இதுவரை உங்கள் எவருக்கும் சொன்னதில்லை. அம்மாவின் வயிற்றில் அப்போது தம்பி இருந்தான். வயிறு பெரிதாகப் பெரிதாக அம்மாவால் நிற்க முடியாமல் போனது. முதலில் சுவரைப் பிடித்து நடந்தார். பிறகு நாற்காலியை முன்னால் தள்ளித் தள்ளி நடந்தார். அதன் பிறகு ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, சமையலறையில் இருந்து முன்னறை வரை போட்டிருந்த பழுப்பு லினோலியத்தில் இரண்டு கையையும் ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு, மணி அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அம்மா போய்ச் சேர்வதற்குள் மணி நின்றுவிட்டது. அம்மா அப்படியே சரிந்து இருந்து மூச்சு வாங்கினார். வீட்டில் போடும் நீளச் சட்டை, தோய்த்துத் தோய்த்து வெளுத்த இளஞ்சிவப்பு.

"அப்பாட்டைச் சொல்லாதை, பிள்ளை" என்றார். "அவர் பாவம், களைச்சு வாறவர்."

அப்பா காலையில் ஓர் உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவுவார். பின்னேரம் அலுவலகங்களைத் துப்புரவாக்குவார். அவர் வருகிற நேரம் அம்மாவுக்குத் தெரியும். படிக்கட்டில் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டதும் நான் போய்த் தோளைக் கொடுப்பேன். கதவுப் பூட்டில் திறப்புத் திரும்புவதற்கு முன்னால் அம்மா எழும்பி, அடுப்படி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே வந்த அப்பா காண்பது, கறியைக் கிளறிக்கொண்டு முதுகு காட்டி நிற்கும் மனைவியை. கூப்பிட்டாலும் திரும்பாத மனைவியை. கோயிலுக்கு வா என்றால் வரமாட்டேன் என்கிறார், கடைக்கு வா என்றாலும் மாட்டேன் என்கிறார். அப்பாவுக்குக் கோபம் ஏறத் தொடங்கியது. எதற்கோ அம்மா தன்னோடு கதைக்காமல் இருக்கிறார் என்று நினைத்தார்.

"என்ன குற்றம் செய்தனான் எண்டாவது சொல்லன்" என்று ஒரு நாள் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். அவருடைய முழுப் பாரமும் அந்த விளிம்பில் இருந்ததை நான் பார்த்தேன், அப்பா பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஒரு வேலை தந்தார். பார்த்த படங்களில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதை நம்முடைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நீங்கள் என்னென்ன கீறினீர்கள் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாகிஸ்தான்காரத் தோழி சூப் தகரங்களை எல்லாம் கடலைத் தகரங்களாக மாற்றினாள், எழுத்தை உருதுவில் எழுதினாள். ஒருவன் தன் பெற்றோரைப் பனி அள்ளும் சவளோடு நிற்கவைத்தான். சாப்பாட்டுக்கடை ஹொல்ம்லியா ஸ்டேஷன் கியோஸ்க் ஆனது. கடைசி வாங்குப் பையன் அதற்கு மறக்காமல் ஒரு கதவு வைத்தான். இன்னொருவன் நிறம் வீசுகிறேன் என்று ஆசிரியையின் தோல் சப்பாத்தில் பச்சையை ஊற்றினான்.

நான் புல்வெளியை லினோலியம் ஆக்கினேன். மேட்டு வீட்டின் இடத்தில் சுருள் வயர் தொங்கும் தொலைபேசி. நடுவில் முதுகு காட்டியபடி அம்மா. சட்டையின் நிறத்தை மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆசிரியை படத்துக்குக் குனிந்தார். "இது யார்?"

"மம்மா" என்றேன்.

அவர் படத்தை வாங்கித் தன்னோடு வைத்துக்கொண்டார். அன்று பின்னேரம் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. வழக்கம்போல அம்மா எடுத்து, எதிர்முனையில் நோர்வேஜிய மொழி கேட்டதும் என்னிடம் தந்துவிட்டார். அந்த நாட்களில் வைத்தியர், வீட்டு வாடகை, பல்லு, பஸ் எல்லாவற்றுக்கும் வீட்டின் வாய் நாம்தானே.

"அம்மாவும் அப்பாவும் சேர்ந்து என்னைப் பார்க்க வரவேண்டும்" என்றார் ஆசிரியை. "நீ மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நாங்கள் தொல்க் ஒருவரை ஒழுங்கு செய்கிறோம்."

தொல்க் என்றால் மொழிபெயர்ப்பாளர். அன்று இரவு நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் அப்பா கதிரையில் இருந்துவிட்டார். "தொல்க் வாறாரெண்டால் சின்ன விஷயம் இல்லை. என்ன செய்தனி பள்ளிக்கூடத்தில?"

"படம் கீறினனான்."

"என்ன படம்?"

"அம்மாவை."

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. பயம் இருந்தது, அது நிச்சயம்.

அப்பா நாட்டின் வடகோடியில் இருக்கிற ஹம்மர்பெஸ்டுக்குத் தொலைபேசி அடித்தார். அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்த பெரியப்பாதான் நோர்வேயைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எல்லாம் தெரிந்தவர். தொலைபேசிக்குள்ளால் அவருடைய குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அது பிள்ளை பிடிக்கிற ஒபீஸ்தான்! முதல் பள்ளிக்கூடம் கூப்பிடும், பிறகு அவங்கள் வந்து தாய் தேப்பனிட்டை இருந்து பிள்ளையைக் கொண்டுபோவாங்கள். நீ ஒண்டும் யோசியாதை. நாளைக்கே பிள்ளையை இஞ்சை அனுப்பு. இஞ்சை பனிக்குள்ள ஆர் வந்து தேடப்போறான்?"

அப்பா உண்மையாகவே பையை இறக்கினார். நீல நிறத் துணிப்பை, வாய்ப்பக்கம் சிப் பழுதாகிக் கயிற்றால் கட்டுவது. என்னுடைய தடித்த காலுறைகளைத் தேடி எடுத்து உள்ளே வைத்தார். பாஸ்போர்ட் தேவைப்படுமா என்று தன்னோடு தானே கதைத்தார். நான் அழவில்லை. ஹம்மர்பெஸ்டில் குளிர்கால மாரி முழுக்க வெயிலே வராது என்று கேள்விப்பட்டிருந்தேன், அங்கே படம் கீற வெளிச்சம் இருக்குமா என்பதுதான் என் கவலை. சின்னப் பிள்ளைகளின் மூளை அப்படித்தான்.

அம்மா அடுப்படி விளிம்பைப் பிடித்தபடி சொன்னார்: "பிள்ளை ஒரு இடமும் போகேல்லை. ரீச்சரிட்டை நான் வாறன்."

"கோயிலுக்கு வரமாட்டாய், இதுக்கு வருவியோ?"

"வருவன்."

பள்ளிக்கூடத்துக்குப் போகும் ஏற்றம் உங்களுக்குத் தெரியும். அன்று அது முழுக்க உறைந்திருந்தது. சறுக்காமல் இருக்கத் தூவும் சரளைக்கல் இன்னும் போடவில்லை. அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அடி மேல் அடி வைத்தார். "ஏன் இவ்வளவு ஆறுதலா வாறாய்?" என்றார் அப்பா. "சறுக்குது" என்றார் அம்மா. மற்றக் கை என் தோளில் இருந்தது. எவ்வளவு பாரம் என்று எனக்குத்தான் தெரியும்.

வகுப்பறையில் நம்முடைய சின்னக் கதிரைகளில் பெரியவர்கள் இருந்தார்கள். நடுவில் என் படம். தொல்க் தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு பெண்மணி. நல்ல பட்டுப்போன்ற குரல், நெற்றியில் சின்னப் பொட்டு. என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். அம்மா என் கையை விடவில்லை, அதனால் நானும் உள்ளே இருந்தேன்.

ஆசிரியை மெதுவாகத்தான் தொடங்கினார். பிள்ளை கெட்டிக்காரி, நல்லாகக் கீறுகிறாள் என்றார். பிறகு படத்தில் ஒரு விரலை வைத்து அம்மாவிடம் கேட்டார். தொல்க் அதைத் தமிழில் சொன்னார்: "வீட்டுல உங்களுக்கு யாரைப் பாத்தாச்சும் பயமா இருக்குங்களா? யாராவது உங்களை அடிக்கிறாங்களான்னு கேக்குறாங்க."

அப்பாவின் முகம் வெளிறிப்போனது. "நான் அடிக்கிறனெண்டோ கேட்கிறா?" என்றார். கோபப்படவில்லை. பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "நான் அடிச்சனானோ?" என்று அவரிடமே கேட்டார்.

அம்மாவின் வாய் அப்போதுதான் திறந்தது. "ஐயோ, அந்த மனிசன் ஒண்டும் செய்யேல்லை. அவருக்கு ஒண்டுமே தெரியாது. எனக்கு நாரி ஏலாது. நாரிதான் என்னை இப்பிடி விழுத்திப்போட்டுது. அதாலதான் நிலத்தில இழுபட்டுத் திரியிறன்."

தொல்க் நெற்றியைச் சுருக்கினார். ஆசிரியையிடம் நோர்வேஜிய மொழியில் அவர் சொன்னது எனக்கு அப்படியே விளங்கியது. "கணவர் இல்லையாம். ஒரு பெண்தான் இவரைக் கீழே தள்ளுகிறாளாம்."

"பெண்ணா?" என்றார் ஆசிரியை. "எந்தப் பெண்?"

தொல்க் அம்மாவிடம் குனிந்தார். "எந்தப் பொண்ணுங்க? பயப்படாம சொல்லுங்க. பக்கத்து வீடா?"

அம்மா முழித்தார். "பொம்பிளையோ? எந்தப் பொம்பிளை?"

அப்பா பாவம், அவரும் சேர்ந்து கேட்டார்: "எந்தப் பொம்பிளையப்பா?"

அந்த நேரத்தில் நான் எழும்பி, அம்மாவின் பின்னால் போய், கையை அவருடைய முதுகின் கீழ்ப்பக்கம் வைத்து, "இது" என்றேன். "இதுதான் நாரி."

தொல்க் தன் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, இடுப்பா! நாரின்னா எங்க ஊர்ல பொண்ணுங்க. பழைய பாட்டுல எல்லாம் அப்படித்தான் வரும். இடுப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். ஆசிரியைக்கு விளக்கியபோது அவர் சிரிக்கவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி அம்மாவின் முன்னால் வந்து தன்னுடைய இடுப்பு எலும்பு இரண்டிலும் கையை வைத்துக் காட்டினார்.

"இங்கேயா? திரும்பிப் படுத்தால் உயிர் போகிறதா? காலைத் தூக்க முடியாதா?"

அம்மா ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

"இரண்டாவது பிள்ளைக்கு எனக்கும் இதேதான். நான் படிக்கட்டில் இருந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்குவேன்" என்றார் ஆசிரியை. அந்த நோவுக்கு இந்த நாட்டில் பெயர் இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பலருக்கும் வருவதுதான், பிள்ளை பிறந்த பிறகு பெரும்பாலும் போய்விடும் என்றார். தொல்க் அதைச் சொல்லி முடித்ததும், "போயிடுமோ?" என்று அம்மா கேட்டார். நம்பாமல் இன்னொருமுறையும் கேட்டார். "உண்மையாவே போயிடுமோ?"

அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அம்மாவின் ஊரில் ஒருத்தி பிரசவத்துக்குப் பிறகு கால் வராமலே கிடந்தாளாம். தனக்கும் அதுதான் என்று அம்மா முடிவு செய்திருந்தார். மருத்துவச்சியிடம் போகும் நாட்களில் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்து காட்டினார். சொன்னால் பிள்ளையை நேரத்துக்கு முன்னால் வெட்டி எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அத்தனை மாதமும் அந்த ஒரு எண்ணத்தோடு தனியாக அந்தத் தரையில் இருந்திருக்கிறார்.

ஆசிரியை அங்கிருந்தே மருத்துவச்சிக்குத் தொலைபேசியில் கதைத்தார். ஊன்றுகோல், இடுப்புப் பட்டி, வீட்டு வேலையில் உதவ ஓர் ஆள் எல்லாம் கிடைக்குமாம். அப்பாவைப் பற்றித் தன் மனத்தில் நினைத்திருந்ததற்காக அப்பாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அப்பா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீங்கள் வந்து சப்பாத்துக் கழட்டவே நேரமில்லை. என்னெண்டு சொல்லுறது?"

"உனக்குக் கோவமெண்டெல்லோ நான் நினைச்சன்" என்றார் அப்பா. "அவ்வளவு நாளும் கோவமெண்டு நினைச்சன்."

இனி அந்த இறக்கத்தில் அம்மாவை நடத்தி அனுப்ப ஆசிரியைக்கு மனமில்லை. பள்ளிக்கூடக் காவலாளரிடம் இருந்து ஒரு ஸ்பார்க் வாங்கி வந்தார். ஸ்பார்க்கை இப்போது எங்கே காண்கிறோம்? நீளமான இரும்புச் சறுக்குக் கால்கள் மேல் ஒரு கதிரை, பின்னால் நின்று ஒரு காலால் உதைத்து உதைத்துத் தள்ள வேண்டும். அப்பா வாழ்க்கையில் அதைத் தொட்டதில்லை. அம்மாவைக் கம்பளியால் சுற்றி இருத்தி, மெல்ல ஓர் உதை உதைத்தார். ஸ்பார்க் மெல்லப் போகவில்லை. "பிரேக் எங்கை? பிரேக் எங்கையப்பா?" என்று அப்பா கத்த, அம்மா வயிற்றைப் பொத்திக்கொண்டு அலற, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் குவிந்திருந்த பனிக்குள் போய்த்தான் நின்றது. முகமெல்லாம் பனி. அலறல் என்று நான் நினைத்தது சிரிப்பு. அப்பா பனிக்குள் முழங்காலில் நின்றபடி "நொந்ததோ, நொந்ததோ" என்று கேட்கக் கேட்க அம்மாவுக்குச் சிரிப்புக் கூடியது. அந்த மாரியில் நான் அம்மாவின் சிரிப்பைக் கேட்டது அன்றுதான் முதல்.

வீட்டுக்கு வந்ததும் நீலப் பையைத் திறந்து காலுறைகளை வெளியே எடுத்தார் அப்பா. ஹம்மர்பெஸ்டில் இருந்து மறுபடி அழைப்பு வந்தது. "என்னவாம், எப்ப அனுப்புறாய்?" என்றார் பெரியப்பா. "பிள்ளை இஞ்சைதான் இருப்பாள். இவளுக்கு நாரிப்பிடிப்பு, அவ்வளவுதான்" என்றார் அப்பா. "நாரிப்பிடிப்புக்கோ தொல்க் கூப்பிட்டவங்கள்?" என்று பெரியப்பா நெடுநேரம் நோர்வேயைத் திட்டினார். பின்னேர வேலையை அப்பா அந்த மாதத்தோடு விட்டார். கையில் காசு குறைந்தது, வீட்டில் ஆள் இருந்தது.

படங்களைப் பள்ளிக்கூட நடையில் தொங்கவிட்ட நாள் உங்கள் பெற்றோரும் வந்திருந்தார்கள். என் படத்தைத் தொங்கவிடலாமா என்று ஆசிரியை முன்பே கேட்டிருந்தார். "விடட்டும். முகம் தெரியாதுதானே" என்று அம்மா சொல்லியிருந்தார். உங்களில் ஒரு தமிழ்ப்பிள்ளையுடைய தாயார், ஊன்றுகோலோடு அதன் முன்னால் நின்ற அம்மாவிடம், "இதாரப்பா, இந்தப் பொம்பிளை?" என்று கேட்டார்.

"ஆரோ அமெரிக்காக்காரியாம்" என்றார் அம்மா. "பாவம், எழும்ப ஏலாதாம்."

பல வருடங்களுக்குப் பிறகுதான் ஒன்றை வாசித்தேன். அந்த ஓவியத்தில் கையும் காலும்தான் ஊர்ந்து திரிந்த பக்கத்து வீட்டுக்காரியுடையவை. உடம்புக்கு இருந்து கொடுத்தது ஓவியரின் மனைவி. இரண்டு பெண்களைச் சேர்த்து ஒருத்தியாகக் கீறியிருக்கிறார். என் படம் மோர்டென்ஸ்ருட்டுக்கு வீடு மாறியபோது எங்கோ தொலைந்துவிட்டது. தேடவும் இல்லை.

தம்பி மாரி முடிவில் பிறந்தான். ஊன்றுகோல்கள் முதலில் கட்டிலடியில் கிடந்தன, பிறகு கதவுக்குப் பின்னால், பிறகு மருத்துவச்சியிடம் திரும்பிப் போயின. அம்மா தெருவில் நடந்தார், கோயிலில் நின்றார், ஆனாலும் அப்பா பக்கத்தில் இருந்து "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

கோடை தொடங்கிய ஒரு சனிக்கிழமை நகரத்தில் ஒரு பிறந்தநாள் வீடு. அப்பாவும் நானும் தம்பியும் தள்ளுவண்டிலும் ஸ்டேஷன் மேடையில் நிற்கிறோம். தம்பியின் பால்போத்தலை எடுக்க மறந்ததால் அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தார். ரயில் வந்து நின்றது, கதவுகள் திறந்தன, ஆட்கள் ஏறிவிட்டார்கள். அம்மாவைக் காணவில்லை. அப்பா வண்டிலின் முன்சில்லை ரயில் வாசலில் வைத்துக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். அப்போது ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் ஏற்றத்தின் உச்சியில் அம்மா தெரிந்தார். ஒரு கையில் பால்போத்தல், மற்றக் கையில் தூக்கிப் பிடித்த சேலை.

அப்பா வாயைத் திறந்தார். வழக்கமான சொல்தான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ஓடு!" என்று கத்தினார். "ஓடி வாவனப்பா, ஓடு!"

அம்மா ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது, அவர் நிற்கவில்லை. மேடை நெடுக ஓடிவந்து, உள்ளே பாய்ந்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா வண்டிலை உள்ளே இழுக்க, கதவு மூடியது. முகம் வியர்த்து, மூச்சு இளைத்து, ஒரு கால் வெறுங்காலாக நின்ற அம்மாவை ரயிலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்துக்கொண்டே நின்றார். காலியாக ஒரு இருக்கை இருந்தது. அதில் இரு என்று அவர் சொல்லவில்லை. நகரம் வரும்வரை அம்மா நின்றுகொண்டே வந்தார்.